‘மலைக்குப் போறது’ என்றால்

எங்க லயத்துப் பக்கம் வந்து, “அம்மா எங்க?” என்று கேட்டுப் பாருங்க. “மலைக்குப் போயிருக்கு” என்று சின்னப் பிள்ளை கூட பதில் சொல்லும். மலைக்குப் போறது என்றால் வேலைக்குப் போறது. தோட்டத்துல ஒவ்வொரு தேயிலைப் பரப்புக்கும் ஒரு நம்பர் இருக்கும். அஞ்சாம் நம்பர் மலை, பன்னிரண்டாம் நம்பர் மலை. காலையில பெரட்டுல எந்த மலை என்று சொல்லுவாங்க. கூடையைத் தூக்கிக்கிட்டு அந்த மலைக்கு ஏறணும். அவ்வளவுதான் எங்களுக்குத் தெரிஞ்ச மலை.

கம்பஸுக்கு வந்த முதல் வருசம், ஹைக்கிங் கிளப் நோட்டீஸ்ல “இந்த சனிக்கிழமை எல்லோரும் மலைக்குப் போவோம்” என்று போட்டிருந்தாங்க. கலைப் பீடத்துல இருக்கிற நாங்க நாலு மலையகப் பிள்ளைகளும் அதைப் பார்த்து விழுந்து விழுந்து சிரிச்சோம். “பேரு போடுவாங்களா, அரைப்பேரா?” என்று ஒருத்தி கேட்டாள். வீட்டுல சொன்னப்பவும் அதே கதைதான். “கொழுந்து எடுக்க ஏறுறது போதாதா? சும்மா வேற ஏறணுமா? அதுக்குக் காசு வேற கட்டணுமா?”

இருந்தும் இரண்டாம் வருசம் சேர்ந்தோம். சேர்ந்ததுக்கு வருத்தப்படல. இந்தக் கட்டுரையில கிளப்பைப் பற்றிக் கொஞ்சம் கடுமையாப் பேசப் போறோம், அதனால நல்லதை முதல்ல சொல்லிடுறோம். எங்க பீடத்துல தமிழ் மொழி மூலம் ஒரு வகுப்பு, சிங்கள மொழி மூலம் இன்னொரு வகுப்பு. மூணு, நாலு வருசம் ஒரே கட்டடத்துல படிச்சிட்டு ஒருத்தர் பேர் ஒருத்தருக்குத் தெரியாமலே பட்டம் வாங்கிட்டுப் போகலாம். கிளப்புல அப்படி இருக்க முடியாது. பம்பரகந்தைக்குப் போன அன்னைக்கு, மாத்தறைப் பையன் ஒருத்தனும் யாழ்ப்பாணப் பிள்ளை ஒருத்தியும் ஒரே கயிற்றைப் பிடிச்சுத்தான் ஓடையைத் தாண்டினாங்க. 263 மீட்டர் உயரத்துல இருந்து விழுற தண்ணிக்கு முன்னால நின்னப்ப யாரும் எந்த மொழியிலயும் பேசல. அட்டை கடிக்காம இருக்க கால்ல சவர்க்காரம் தேய்க்கச் சொல்லிக் கொடுத்தது நாங்கதான். எங்களுக்குத் தெரிஞ்ச ஒண்ணை மத்தவங்க கேட்டுப் படிச்சது கம்பஸ்ல அதுதான் முதல் தடவை.

பிரச்சினை டிக்கோயாவுல வந்துச்சு.

போன சீசன்ல சிவனொளிபாதமலைக்குப் போகத் திட்டம். சீசன் என்றால் டிசம்பர் பௌர்ணமியில தொடங்கி வெசாக் வரைக்கும். ஆளுக்கு 3500 ரூபாய். தோட்டத்துல ஒரு நாள் அடிப்படைச் சம்பளத்தை 2024ல தான் 1350 ரூபாயாக்கினாங்க. கணக்குப் பார்த்தா ரெண்டரை நாள் மலை. ராத்திரி நல்லதண்ணிப் பக்கத்தால 2243 மீட்டர் உயரத்துல இருக்கிற உச்சிக்கு ஏறி விடியலைப் பார்க்கணும். அதுக்கு முன்னால பகல் முழுக்க சும்மா இருக்க வேணாமே என்று, ஹட்டன்ல இறங்கி, டிக்கோயாவுல தோட்டப் பாதையால நடந்து, காசல்ரீ தண்ணியைப் பார்த்துட்டு, மேல இருக்கிற ஒரு சின்ன நீர்வீழ்ச்சியில குளிக்கிறதா ஏற்பாடு. எங்க நாலு பேர்ல ஒருத்தி டிக்கோயாக்காரி. அந்தப் பாதையில தான் அவள் பள்ளிக்கூடம் போனாள். அதை அவள் யார்கிட்டயும் சொல்லல. நாங்களும் சொல்லல.

1878ல கட்டின வார்லி தேவாலயத்துல நின்னு போட்டோ எடுத்தோம். கல்லறையில இருக்கிற துரைமார் பேரை எல்லாம் ஒருத்தர் சத்தமா வாசிச்சார். அப்புறம் ஒரு வளைவு திரும்பினா, பாதைக்கு மேல பத்துப் பதினைஞ்சு பேர் நிரை பிடிச்சுக் கொழுந்து எடுத்துக்கிட்டு இருந்தாங்க. கிளப்புல எல்லோருக்கும் சந்தோசம். போன் எல்லாம் வெளிய வந்துச்சு. ஒருத்தர் கூடையை இறக்கி வச்சிருந்த ஒரு அம்மாகிட்ட, திரும்பத் தலையில மாட்டச் சொல்லி சைகை காட்டினார். அவங்களும் சிரிச்சுக்கிட்டே மாட்டினாங்க. போட்டோ எடுத்தாச்சு. இன்னொன்று எடுத்தாச்சு. பேர் யாரும் கேட்கல.

அது எங்க கூட்டாளியோட சித்தி.

சித்தி அவளைப் பார்த்தாங்க. அவளும் பார்த்தாள். ரெண்டு பேரும் பேசல. நாங்க மூணு பேரும் தலையைக் குனிஞ்சு, சப்பாத்துக் கயிற்றைக் கட்டுற மாதிரி நின்னோம். கொஞ்ச நேரத்துல அந்தப் படம் கிளப் வட்ஸ்அப் குழுவுல வந்துச்சு. கவலையே இல்லாத எளிமையான வாழ்க்கை என்று கீழ எழுதி, பச்சை இதயம் மூணு.

பொழுது சாய்ஞ்ச பிறகு, மஸ்கெலியா பஸ்ல இருக்கும்போது சித்தி போன் எடுத்தாங்க. ஏசுவாங்க என்று நினைச்சோம். “ஒங் கூட்டாளிங்க முன்னாடி கூப்பிட்டா ஒனக்குச் சங்கடமா இருக்குமேன்னு தான் பேசாம இருந்துட்டேன். சாப்பிட்டியா?” அவ்வளவுதான் கேட்டாங்க. அன்னைக்கு ராத்திரி அத்தனை ஆயிரம் படியும் ஏறி விடியலைப் பார்த்தோம். என்ன நிறத்துல இருந்துச்சு என்று கேட்டா எங்களுக்குச் சொல்லத் தெரியாது.

இதை எழுதுறது அந்தப் படம் எடுத்தவரைக் குத்திக் காட்ட இல்லை. அவரை விட நாங்க செஞ்சது பெரிய பிழை. ஆனா எங்களை அப்படித் தலை குனிய வச்சது எது என்று யோசிச்சா, விசயம் ஒரு போட்டோவோட முடியல.

மலையேறுறது காசுக்காரப் பிள்ளைகளோட பொழுதுபோக்கு, அதை விட்டுத் தள்ளுங்க என்று எங்க ஆட்களே சிலர் சொல்றாங்க. அதுல பாதிதான் சரி. நூறு வருசத்துக்கு மேல இந்த மலையில ஏறி இறங்கின எங்க பாட்டிமார் ஒருத்தருக்கும், கூடை இல்லாம ஒரு உச்சியில உட்கார்ந்து கீழ பார்க்க நேரம் கிடைக்கல. அதனால அந்த நேரம் எங்களுக்கு வேணாம் என்று சொல்ல முடியுமா? வேணும் என்று தான் நாங்க சொல்றோம். எங்க ஊர் அழகு என்று அடுத்தவங்க சொல்லித்தான் எங்களுக்கே தெரிய வந்துச்சு என்றால், அந்த அழகுல எங்களுக்கும் பங்கு இருக்கணும்.

மறுபாதி என்னவென்றால், கிளப் நடக்கிற மலை ஆளில்லாத காடு இல்லை. நக்கிள்ஸ், சிவனொளிபாதமலைக் காடு, ஹோர்ட்டன் சமவெளி மூணும் சேர்ந்து 2010ல உலக மரபுரிமைப் பட்டியலுக்குப் போச்சு. அங்க போறப்ப மரத்துக்கும் மிருகத்துக்கும் எப்படி மரியாதை கொடுக்கணும் என்று சீனியர்மார் அரை மணித்தியாலம் வகுப்பு எடுக்கிறாங்க. பூவைப் பறிக்கக் கூடாது, சத்தம் போடக் கூடாது. தோட்டத்துக்குள்ள போறப்ப மட்டும் அப்படி ஒரு வகுப்பு இல்லை. அங்க இருக்கிறது மனுசங்க என்ற காரணமோ என்னவோ.

நாங்க நடக்கிற பாதையும் தானா வந்தது இல்லை. இப்போ ‘பீக்கோ டிரெயில்’ என்று ஹந்தானையில இருந்து நுவரெலியா வரைக்கும் 300 கிலோமீட்டருக்கு மேல ஒரு நடைபாதை இருக்கு, 22 பகுதியா. நோர்வூட், பொகவந்தலாவைப் பக்கமும் வருது. பெரும்பாலும் அது வெள்ளைக்காரன் காலத்துல தேயிலை இறக்கப் போட்ட பழைய தோட்டப் பாதைதான். அந்தப் பாதையை வெட்டினவங்க யாரு? 1823ல கம்பளைப் பக்கம் கோப்பித் தோட்டம் தொடங்கின காலத்துல இருந்து, மன்னார்க் கரையில இறங்கி, காட்டு வழியா மாத்தளைக்கு நடந்து வந்தவங்களும் அவங்க பிள்ளைகளும். வழியிலேயே செத்துப் போனவங்க எத்தனையோ பேர். 2023ல, அந்த 200 வருசத்தை நினைச்சு, ஜூலை 28ல தலைமன்னார்ல தொடங்கி ஆகஸ்ட் 12ல மாத்தளையில முடிச்ச நடைபயணம் எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். அதுவும் நடைதான். இந்த நாட்டுல நடந்த பெரிய ‘ஹைக்’ எது என்று கிளப்புல பேச்சு வந்தா, அந்தப் பழைய நடையைத்தான் நாங்க முதல்ல சொல்லுவோம்.

தண்ணிக்கும் இதே கதைதான். தலவாக்கலை சென் கிளயர் நீர்வீழ்ச்சியைக் ‘குட்டி நயாகரா’ என்று போர்டு போட்டுக் காட்டுறாங்க. 2012ல மேல் கொத்மலை மின் நிலையம் வேலை தொடங்கின பிறகு பழைய பெருக்கு அதுல இல்லை. மவுசாகலை நீர்த்தேக்கத்துல வறட்சி வந்தா, தண்ணிக்குக் கீழ போன பழைய மஸ்கெலியாவோட கோவில் மேல தெரியும். அதையும் போய்ப் படம் எடுக்கிறோம். எடுக்கலாம், பிழை இல்லை. ஆனா அங்க கடை வச்சிருந்தவங்க, சாமி கும்பிட்டவங்க எங்க போனாங்க என்ற கேள்வியும் அந்தப் படத்தோட வரணும் இல்லையா?

மழையைப் பற்றியும் சொல்லணும். ஹைக் போறவங்களுக்கு மழை என்றால் பயணம் தள்ளிப் போகும். லயத்துல இருக்கிறவங்களுக்கு மழை என்றால் தூக்கம் போகும். 2014 ஒக்டோபர் 29ல கொஸ்லந்தை மீரியபெத்தையில லயங்களை மண் மூடிச்சு. 2025 நவம்பர் கடைசியில டித்வா புயல் வந்தப்ப கண்டி, நுவரெலியா, பதுளைப் பக்கம் எத்தனை இடத்துல மலை சரிஞ்சது என்று எல்லோரும் பார்த்தோம். மண்சரிவு எச்சரிக்கை இருக்கிற நாள்ல முப்பது பேரைக் கூட்டிக்கிட்டு ஒரு சரிவுக்குக் கீழ போறது வீரம் இல்லை. நமக்கு ஏதாவது ஆனா, முதல்ல கயிற்றோட ஓடி வரப்போறது அந்த லயத்து ஆட்கள்தான். நீர்வீழ்ச்சியும் அப்படித்தான். நமக்கு மேல வெயில் அடிக்கும், ஓடையோட தலைப்பக்கம் மழை கொட்டும். கண் மூடித் திறக்கிறதுக்குள்ள தண்ணி ஏறிடும். எந்தக் கல்லுல நிக்கலாம், எதுல நிக்கக் கூடாது என்று அங்க துணி துவைக்கிற அக்காமாருக்குத் தெரியும். கேட்டா சொல்லுவாங்க. நாங்க தான் கேட்கிறது இல்லை.

திரும்பி வந்து ரெண்டு கிழமை கழிச்சு, கிளப் கூட்டத்துல எழும்பிப் பேசினோம். நாலு விசயம் கேட்டோம். தோட்டத்துக்குள்ள போறதுக்கு முதல் நாளே அந்த ஊர் ஆள் ஒருத்தரோட பேசணும், கூட வந்து வழிகாட்டினா அதுக்குக் காசு கொடுக்கணும். பகல் சாப்பாட்டை டவுன்ல பொதி கட்டிக்கிட்டு வராம தோட்டத்துலயே செய்யச் சொல்லி வாங்கணும். பிளாஸ்டிக்கும் குறையும், நாலு வீட்டுக்குக் காசும் போகும். ஆளைப் படம் எடுக்கிறதுக்கு முன்னால பேர் கேட்கணும், வேணாம் என்றால் எடுக்கக் கூடாது. கிலோ கணக்குல கொழுந்து எடுக்கிறவங்களை நிறுத்தி வைக்கிற ஒவ்வொரு நிமிசமும் அவங்க சம்பளத்துல இருந்து போகுது. கடைசியா, காசு கட்ட முடியாத பிள்ளைகளுக்கு கிளப் நிதியில இருந்து பாதியாவது கொடுக்கணும்.

சிலருக்குப் பிடிக்கல. “எல்லாத்துலயும் அரசியலைக் கொண்டு வர்றீங்க, ஒரு நாள் சந்தோசமா நடக்கவும் விட மாட்டீங்களா?” என்று ஒருத்தர் கேட்டார். சந்தோசமா நடக்கத்தான் நாங்களும் கேட்கிறோம். அன்னைக்கு எங்களால நடக்க முடியலையே. வேற ஒரு சிங்கள அக்கா கடைசி வரைக்கும் பேசாம இருந்துட்டு, வெளிய வந்து, “அது உங்க சித்தி என்று அங்கேயே ஏன் சொல்லல? நாங்க அவ்வளவு மோசமா?” என்று கேட்டாங்க. அதுக்கு எங்ககிட்ட பதில் இல்லை. மோசமில்லை அக்கா. ஆனா ‘தோட்டத்துப் பிள்ளை’ என்ற சொல்லை ஸ்கூல்ல இருந்து எத்தனை விதமாக் கேட்டிருக்கோம் என்று உங்களுக்குத் தெரியாது. தெரியாம இருந்ததுக்கு நாங்க சொல்லாததும் ஒரு காரணம்.

அதனால மலையகத்துல இருந்து கம்பஸ் வர்ற தம்பி, தங்கச்சிமாருக்கும் ஒண்ணு சொல்லணும். கிளப்புல சேருங்க. வீட்டுல விட மாட்டாங்க, பொம்பளப் பிள்ளைகளை நிச்சயமா விட மாட்டாங்க. அம்மா விடியக்காலையில தனியா ஏறுற மலையைக் காட்டிப் பேசிப் பாருங்க. சேர்ந்த பிறகு எங்களை மாதிரி சப்பாத்துக் கயிற்றைக் கட்டிக்கிட்டு நிக்காதீங்க. உங்க ஊருக்கு வந்தா முன்னால நடங்க. இது எங்க பள்ளிக்கூடம், இது பிள்ளைக் காம்பரா, இது எங்க தாத்தா கவ்வாத்து வெட்டின மலை என்று சொல்லுங்க.

நாலுல ரெண்டை கிளப் ஏத்துக்கிச்சு: பேர் கேட்கிறதும், சாப்பாடு தோட்டத்துல வாங்குறதும். மத்த ரெண்டும் அடுத்த கூட்டத்துக்கு. வர்ற சீசன்ல திரும்ப டிக்கோயாப் பக்கம் போறதா பேச்சு. எங்க கூட்டாளி இந்தத் தடவை முதல்லயே சித்திக்குப் போன் பண்ணிச் சொன்னாள். சித்தி வேற ஒண்ணும் பேசல. “எத்தன பேரு வருவீங்க? ரொட்டிக்கு மா எவ்வளவு வாங்கணும்னு தெரியணும்ல?” என்று மட்டும் கேட்டாங்க.

முப்பத்திரண்டு பேர், சித்தி.