எந்த மொழி வேகம் என்பதா கேள்வி?

நம் சங்கக் குடும்பங்களில் கம்ப்யூட்டர் பாடம் மூன்று விதமாக நடக்கிறது. சி.பி.எஸ்.இ. பிள்ளைகளுக்குப் பைத்தான். கேரள மேல்நிலைப் பாடத்திட்டத்தில் பல ஆண்டுகளாகச் சி பிளஸ் பிளஸ். நாகர்கோவிலிலும் திருநெல்வேலியிலும் படிக்கும் சித்தப்பா, அத்தை பிள்ளைகளுக்கு, 2018, 2019-இல் வந்த தமிழ்நாட்டுப் புத்தகங்களின்படி, பதினொன்றில் சி பிளஸ் பிளஸ், பன்னிரண்டில் பைத்தான். விடுமுறைக்கு எல்லோரும் கூடினால் எந்த மொழி வேகம் என்று தகராறு. பிள்ளைகள் தகராறு போகட்டும். பெற்றோரும் அதில் சேர்ந்துகொள்வதுதான் கவலையாக இருக்கிறது. பைத்தான் மெதுவாமே என்று ஒருவர் டியூஷனை மாற்றுகிறார். சி பிளஸ் பிளஸ் பழசாமே என்று இன்னொருவர் மாற்றுகிறார். பணமும் போகிறது, பிள்ளையின் படிப்பும் பாதியில் அறுகிறது.

வேகத்தையும் பாரத்தையும் அளப்பதே ரயில்வேயில் எனக்குத் தொழிலாக இருந்தது. ஆகவே முதலில் கணக்கைப் பார்ப்போம்.

பெரிய எண்ணிக்கையில் வெறும் கூட்டல், பெருக்கல் செய்யச் சொன்னால் சி பிளஸ் பிளஸ்தான் வேகம். சந்தேகமே இல்லை. பைத்தான் பத்து மடங்கிலிருந்து நூறு மடங்கு வரை பின்தங்குவது சகஜம். காரணம் நமக்குப் பழகிய விஷயம்தான். இங்குள்ள அலுவலகத்துக்கு மலையாளத்தில் மனு எழுதி எடுத்துக்கொண்டு போவது ஒரு வழி. ஒரு துபாஷியைக் கூட்டிப்போய், நாம் தமிழில் சொல்லச் சொல்ல அவர் ஒவ்வொரு வாக்கியமாக எடுத்துச் சொல்வது இன்னொரு வழி. சி பிளஸ் பிளஸ் புரோகிராம் முன்கூட்டியே இயந்திரத்தின் மொழிக்கு மாற்றப்பட்ட மனு. பைத்தான் துபாஷி. துபாஷியால் நேரம் ஆகும். ஆனால் ஒரு வார்த்தையை மாற்ற வேண்டுமானால் மனு முழுவதையும் திரும்ப எழுத வேண்டியதில்லை.

நினைவகத்திலும் இதே கதைதான். வெவ்வேறான ஒரு கோடி எண்களைச் சேமிக்க வேண்டும் என்று வையுங்கள். சி பிளஸ் பிளஸ்ஸில் சாதாரண முழு எண் ஒன்றுக்கு 4 பைட். மொத்தம் 4 கோடி பைட். பைத்தானில் எண்ணுக்கு 28 பைட், அது இருக்குமிடத்தைக் குறித்துவைக்க லிஸ்டில் இன்னும் 8 பைட். மொத்தம் 36 கோடி பைட். ஒன்பது மடங்கு! முதலாவது, திறந்த வாகனில் கொட்டிய நிலக்கரி. இரண்டாவது, ஒவ்வொன்றாகக் கட்டி லேபிள் ஒட்டிய பார்சல். பழைய லேப்டாப் வைத்திருக்கும் வீட்டில் இந்த வித்தியாசம் நன்றாகவே தெரியும்.

லேபிள் வீண் செலவு என்று எண்ணிவிடக் கூடாது. அந்த 4 பைட் எண் சுமார் 214 கோடிக்கு மேல் போனால் விடை தப்பாகிவிடும். பைத்தான் எண்ணோ தேவைக்குத் தக்கபடி வளர்ந்துகொள்ளும். தும்பாவைப் பக்கத்தில் வைத்திருக்கும் நமக்கு ஏரியன் 5 ராக்கெட்டின் கதை தெரிந்திருக்க வேண்டும். 1996 ஜூன் 4 அன்று கிளம்பிய நாற்பது விநாடிக்குள் அது பாதை மாறிச் சிதறியது. ஏடா என்ற வேறொரு மொழியில் எழுதிய புரோகிராம் அது. பெரிய எண் ஒன்றைச் சின்ன இடத்தில் அடைக்கப் பார்த்ததே காரணம். கம்ப்யூட்டரின் வேலைப் பளு குறிப்பிட்ட அளவைத் தாண்டக் கூடாது என்பதற்காக, அந்த இடத்தில் வைத்திருக்க வேண்டிய பாதுகாப்பு விடப்பட்டிருந்தது.

அடுத்தது, மொத்தப் பயண நேரம். 1979-இல் திறந்த திருவனந்தபுரம்–நாகர்கோவில்–கன்னியாகுமரி ரயில் பாதை பல்லாண்டுகள் ஒற்றைப் பாதையாகவே இருந்தது. எழுபது கிலோமீட்டரை மணிக்கு 70 கிலோமீட்டர் வேகத்தில் கடந்தால் ஒரு மணி நேரம்; 100 கிலோமீட்டர் வேகத்தில் 42 நிமிடம். மிச்சம் 18 நிமிடம். வழியில் ஒரு கிராஸிங்குக்கு இருபது நிமிடம் நின்றால் அத்தனையும் போயிற்று. நல்ல எஞ்சின் போட்டது மட்டும் போதாது, டைம்டேபிளும் நன்றாக இருக்க வேண்டும்.

புரோகிராமில் டைம்டேபிள் என்பது கணக்கைச் செய்யும் வழிமுறை. அகர வரிசையில் உள்ள பத்து லட்சம் பெயர்களில் ஒன்றை முதலிலிருந்து வரிசையாகத் தேடினால் சராசரியாக ஐந்து லட்சம் தடவை ஒப்பிட வேண்டும். நடுவில் திறந்து, இந்தப் பாதியா அந்தப் பாதியா என்று பார்த்துக்கொண்டே போனால் இருபது தடவையில் முடிந்துவிடும். நூறு மடங்கு மெதுவான பைத்தான்கூட, இந்த வழியில் போனால், வரிசையாகத் தேடும் சி பிளஸ் பிளஸ்ஸை வெகு சுலபமாக முந்திவிடும். இதைத்தான் பிள்ளைகள் முதலில் கற்க வேண்டும். எந்த மொழியிலும் கற்கலாம்.

தொழிலில் இருப்பவர்கள் இரண்டையும் சேர்த்தே பயன்படுத்துகிறார்கள். பரவலாக வழங்கும் பைத்தானே சி மொழியில் எழுதப்பட்டதுதான். பெரிய கணக்குகளுக்குப் பயன்படும் நம்பை என்ற தொகுப்பும், கனமான வேலையைச் சி மொழியிடம் விட்டுவிடுகிறது. தமிழ்நாட்டுப் பன்னிரண்டாம் வகுப்புப் புத்தகத்தில், சி பிளஸ் பிளஸ் புரோகிராமைப் பைத்தானுக்குள் கொண்டுவருவது பற்றி ஒரு பாடமே இருக்கிறது. இவை இரண்டும் பகையாளிகள் அல்ல, சம்பந்திகள்.

ஆகவே பெற்றோருக்கு என் வேண்டுகோள்: பள்ளியில் எந்த மொழி சொல்லித் தருகிறார்களோ அதையே பிள்ளை முழுமையாகக் கற்கட்டும்; வேகத்தைக் காரணம் காட்டிப் பாதியில் மாற்றாதீர்கள். ஒன்றில் கை தேர்ந்தவனுக்கு மற்றது சில மாத உழைப்பில் வந்துவிடும்.

சங்கத்துக்கும் ஒரு யோசனை. மே விடுமுறையில் ஒரு ஞாயிறு, மன்றத்தில் இரண்டு கம்ப்யூட்டர்களை அருகருகே வைப்போம். ஒரே கணக்கை இரண்டு மொழியிலும் பிள்ளைகளே எழுதி ஓட்டட்டும். எத்தனை விநாடி, எவ்வளவு நினைவகம் என்று நோட்டில் குறிக்கட்டும். பிறகு வழிமுறையை மாற்றித் திரும்பவும் அளக்கட்டும். அதற்குப் பாடநூலாகத் தமிழ்நாட்டு அரசின் தமிழ்வழிக் கணினி அறிவியல் புத்தகத்தையே வைத்துக்கொள்ளலாம். இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. வீட்டில் தமிழ் பேசினாலும் பள்ளியில் தமிழ் படிக்க வாய்ப்பில்லாத நம் பிள்ளைகள் பலருக்கு, கதைப் புத்தகத்துக்கு அப்பால் தமிழை வாசிக்கவும் அது ஒரு வழியாகும். விருப்பமுள்ள பெற்றோர் செயற்குழுவிடம் பெயர் கொடுத்தால், பழைய ஸ்டாப்வாட்சோடு நானும் வந்து உதவுகிறேன்.