நெற்றியில் ஒரு வழக்கு

எடப்பாடியில் தறிச் சத்தம் குறைந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை. பூசை முடிந்து மாதா கோயில் வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தேன். பின்னால் ஒரு குரல்: "ஏனுங்கக்கா, அந்தப் புள்ள நெத்தியப் பாத்தீங்களா?"

பார்த்தேன். கடுகளவு சந்தனம். புதிதாகக் கல்யாணமாகி வந்த பெண். தை பிறந்தால் பழனிக்குக் காவடி கட்டும் ஊர் இது. புகுந்த வீட்டில் யாரோ இட்டுவிட்டிருக்கலாம், அவளே ஆசைப்பட்டு இட்டிருக்கலாம். யாரும் கேட்கவில்லை. படி இறங்குவதற்குள் அவளுடைய விசுவாசத்துக்கே மார்க் போட்டாயிற்று. நானும் ஒரு "ம்" கொட்டினேன். அதையும் எழுதித்தான் ஆக வேண்டும்.

இதே சந்தனத்துக்கு ஒருகாலத்தில் தீர்ப்பு வர 13 ஆண்டு ஆனது.

1606இல் மதுரைக்கு வந்த சேசு சபைக் குரு ராபர்ட் தெ நொபிலி காவி உடுத்தினார், புலால் விட்டார், சந்தனம் இட்டார், தமிழும் வடமொழியும் படித்தார். இவர் மதம் மாறிவிட்டார் என்று 1610இல் மேலிடத்துக்கு எழுதியவர் வெளியாள் அல்ல. அதே சேசு சபையைச் சேர்ந்த, அதே ஊரில் அவருக்கு முன்பிருந்தே ஊழியம் செய்த கொன்சாலோ பெர்னாண்டஸ். கெட்ட மனிதர் என்று அவரைத் தள்ளிவிட முடியாது. வழக்குக்குச் சான்று சேர்க்கப் பிராமணச் சடங்குகளை ஒவ்வொன்றாக விசாரித்து 1616இல் ஒரு நூலே எழுதி முடித்தார். குற்றம் காட்ட எழுதிய அந்த நூலை, அக்கால வழக்கங்களை அறிய இன்று ஆய்வாளர்கள் புரட்டுகிறார்கள். அதில் பாதிக் கவனத்தை நொபிலியிடம் உட்கார்ந்து பேசுவதில் செலவிட்டிருக்கலாமே என்று எனக்குத் தோன்றும்.

ரோமில் இருந்த கர்தினால் பெல்லார்மின் நொபிலிக்கு உறவினர். அவரும் கேள்விப்பட்டதை நம்பி முதலில் கண்டித்துத்தான் எழுதினார். விளக்கம் வந்து சேர்ந்ததும் மனத்தை மாற்றிக்கொண்டார். கப்பலில் கடிதம் போய்வர மாதக்கணக்கான காலம் அது. நமக்கு அந்தப் பெண்ணின் வீடு இரண்டு தெரு தள்ளி.

இந்த வழக்கைப் பற்றித் திருச்சபையினர் 1619இல் கோவாவில் கூடி வாதாடினார்கள். 1623 ஜனவரி 31 அன்று திருத்தந்தை 15ஆம் கிரகோரி முடிவைச் சொன்னார்: மூடநம்பிக்கை கலக்காதவரை பூணூல், குடுமி, சந்தனம், நீராடல் எதற்கும் தடையில்லை. அதே ஆண்டில் நொபிலி நம் பக்கம் கிளம்பி சேந்தமங்கலத்துக்கும் சேலத்துக்கும் வந்தார்.

அந்த ஆணையில் இன்னொன்றும் உண்டு. உயர்குலத்தார் எளியவரை இளக்காரமாகப் பார்க்கக் கூடாது, ஒரே கோயிலில் சேர்ந்து இறைவார்த்தை கேட்க வேண்டும் என்ற வேண்டுகோள். சாதிக்கொரு சாமியார் என்ற ஏற்பாட்டுக்கு வழி திறந்த நொபிலியே அதை முழுசாக ஏற்றுக்கொண்டார் என்று சொல்ல முடியாது. விழுப்புரம் பக்கம் இறையூரில் தலித் கிறிஸ்தவர்கள் தனிப்பங்கு கேட்டதையொட்டி வெடித்த கலவரத்தில், 2008 மார்ச்சில், போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இரண்டு பேர் செத்தார்கள். இதைப் பேச்செடுத்தால் மட்டும் நம்மவர்களுக்கு இயேசு சொன்ன துரும்பும் உத்திரமும் ஞாபகம் வந்துவிடும். "நாம யாருங்க தீர்ப்புச் சொல்ல?" என்பார்கள். நெற்றிக்குச் சொன்னவர்கள்தான் இவர்களும்.

அடுத்த ஞாயிறு அந்தப் பெண் வந்தாள். நெற்றி வெறுமையாக இருந்தது. வாசலில் நின்று முந்தானையால் இன்னொரு தடவை துடைத்துக்கொண்டாள். "நல்லா இருக்கியா கண்ணு?" என்றேன். தலையை மட்டும் ஆட்டிவிட்டு உள்ளே போனாள்.