குளத்துப் பறவைக்குக் காசு எதற்கு என்பவர்களுக்கு

கோயில் திருப்பணிக்கும் பள்ளிக்கூட மண்டபத்துக்கும் வாரிக் கொடுக்கிற புலம்பெயர் உறவுகளிடம், ஊர்க்குளத்தையும் அதில் தங்கும் பறவைகளையும் காக்க ஒரு நிதி வைப்போம் என்று கேட்டுப் பாருங்கள். "அது அரசாங்கத்தின்ர வேலையெல்லோ?" என்பார்கள். புளியங்குளத்திலும் நெடுங்கேணியிலும் கனகராயன்குளத்திலும் இருப்பவர்களும் அதையேதான் சொல்கிறார்கள். யாரும் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஆனாலும் அந்தப் பேச்சோடு சேர்த்துச் சொல்லப்படும் காரணங்களில் ஒன்றைத் தவிர மற்றவை நிற்காது.

அரசின் வேலை என்றால், எந்த அலுவலகத்தின் வேலை? 80 ஹெக்டேயருக்கு உட்பட்ட வயலுக்கு நீர் பாய்ச்சும் சிறுகுளங்கள் கமநல அபிவிருத்தித் திணைக்களத்தின் கீழ் வருகின்றன. அதற்கு மேற்பட்டவை நீர்ப்பாசனத் திணைக்களத்தாரிடம். அவர்களுடைய கவலை அணைக்கட்டு, துருசு, வாய்க்கால், காலபோகத்துக்கும் சிறுபோகத்துக்கும் தண்ணீர். வனஜீவராசிகள் திணைக்களம் 1937ஆம் ஆண்டின் சட்டத்தைக் கொண்டு பறவையைச் சுட்டவனைப் பிடிக்கலாம். 1938இல் சரணாலயமாகி 2015இல் தேசியப் பூங்காவான சுண்டிக்குளம் போன்ற இடங்களைப் பார்க்கலாம். வன்னியின் ஊர்க்குளங்களில் பெரும்பாலானவை எந்தச் சரணாலய வர்த்தமானியிலும் ஏறாதவை. அங்கே தண்ணீருக்குள் நிற்கும் மருதமரத்தில் நீர்க்காகமும் கூழைக்கடாவும் கூடு கட்டினால், குஞ்சு பறக்கும்வரை அந்த மரத்தைக் காவல் பார்ப்பது யாருடைய கடமைப் பட்டியலிலும் இல்லை. ஊரவர் பார்த்தால் உண்டு. வேடந்தாங்கல் மக்கள் அப்படித்தான் செய்தார்கள். தங்கள் ஏரிப் பறவைகளைச் சுடக்கூடாதென்று 1798இல் செங்கற்பட்டுக் கலெக்டர் லயனல் பிளேசிடம் அவர்களே போய் உரிமைப் பத்திரம் வாங்கினார்கள். எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

இது வெள்ளைக்காரர் பழக்கம், எங்களுக்கு வழக்கமில்லாதது என்றும் சிலர் சொல்கிறார்கள். சோழர்காலக் கல்வெட்டுகளைப் புரட்டினால் போதும். ஏரிப் பராமரிப்புக்கென்றே விடப்பட்ட நிலத்துக்கு ஏரிப்பட்டி என்று பெயர். ஊர்ச்சபையிடம் பொன்னைக் கொடுத்து, முதலைத் தொடாமல் அதன் வட்டியில் ஆண்டுதோறும் ஏரியின் மண்ணை வாரவேண்டும் என்று எழுதிவைத்த தனியார் உண்டு. வவுனியா மாவட்டத்திலேயே, பெரியபுளியங்குளத்தின் பிராமிக் கல்வெட்டில் விசாகன் என்ற தமிழ் வணிகனின் கொடை பதிவாகியிருக்கிறது. அது கிறிஸ்துவுக்கு முற்பட்டது. கொடுத்து வைப்பது இந்த மண்ணுக்குப் புதிதல்ல.

மற்றக் காரணங்களைவிடக் கூடுதலாகச் சேதம் விளைவிப்பது, ஒருமுறை பெருந்தொகை போட்டுக் குளத்தைத் திருத்திவிட்டால் அலுவல் முடிந்தது என்ற எண்ணம். போட்ட காசு கண்ணுக்குத் தெரியவேண்டும் என்று கொடுப்பவர் எதிர்பார்ப்பது இயல்பு. ஆகவே பெக்கோ வருகிறது. குளம் முழுவதும் ஒரே ஆழமாகத் தோண்டப்படுகிறது, அலைகரைப் பற்றைகள் வழிக்கப்படுகின்றன, படம் எடுத்து அனுப்பப்படுகிறது. கொக்கும் மஞ்சள்மூக்கு நாரையும் நின்று மீன் பிடிப்பது முழங்காலளவு தண்ணீரில். நத்தைகுத்தி நாரை நத்தை தேடுவதும் அந்த ஓரச் சேற்றில்தான். ஓரம் செங்குத்தாகிவிட்டால் எவ்வளவு தண்ணீர் நின்றாலும் அவற்றுக்கு அங்கே இடமில்லை. தூர் வாரவேண்டாம் என்று நான் சொல்லவில்லை; மேட்டுமண் வந்து அடைத்தால் வாரத்தான் வேண்டும். எங்கே வாருவது, எந்த ஓரத்தை விடுவது, எந்த மாதத்தில் இறங்குவது என்பதை ஆண்டாண்டாகக் குளத்தைப் பார்த்துவந்த ஒருவர்தான் சொல்லமுடியும். அந்தப் பார்வைக்குத்தான் யாரும் காசு கொடுப்பதில்லை.

பிரான்சின் தென்கரையில் கமார்க் என்ற சதுப்புநிலம் இருக்கிறது. சுவிற்சர்லாந்து மருந்துக் கம்பனிக் குடும்பத்தைச் சேர்ந்த லூக் ஹொவ்மன் 1954இல் அங்கே தன் சொந்தப் பணத்தில் ஓர் ஆய்வு நிலையம் தொடங்கினார். பூநாரைகள் முட்டையிட இடமில்லாமல் தவித்தபோது, 1970 அளவில் உப்பளத்து நீருக்குள் மண்ணால் ஒரு தீவு கட்டினார்கள். அதில் அவை கூடு வைத்தது 1974இல். இரண்டு ஆண்டுத் திட்டமாக இருந்திருந்தால் தோல்வி என்று எழுதிக் கோப்பை மூடியிருப்பார்கள். 1977இல் அங்கே பூநாரைக் குஞ்சுகளுக்கு வளையமிடத் தொடங்கினார்கள். பல பத்தாண்டுகள் தொடர்ந்தார்கள். சுண்டிக்குளத்துக்கும் வங்காலைக்கும் வருவதும் அதே இனப் பூநாரைதான். ஹொவ்மன் 1994இல் நிறுவிய மாவா அறக்கட்டளை, முன்கூட்டியே அறிவித்தபடி 2022இல் தன் பணியை முடித்துக்கொண்டது. இருபத்தெட்டு ஆண்டுகள்! எங்கள் திட்டங்கள் இரண்டு மாரியைக்கூடக் காண்பதில்லை.

பறவை தானாக வரும், போகும் என்பதற்குச் சுருக்கமான பதில் போதும். வடக்கே சைபீரியாவரை நீளும் மத்திய ஆசியப் பறப்புவழியின் தென்பகுதியில் இருக்கிறது இலங்கை. இதற்குத் தெற்கே அவற்றுக்குப் பெருநிலம் இல்லை. இங்கே குளம் கெட்டால் தாராக்கள் அடுத்த ஊருக்குப் போகும் என்று ஆறுதல் சொல்லமுடியாது. குறைந்துவிட்டதா, கூடியதா என்று அறியத் தொடர்ச்சியான கணக்கு வேண்டும். ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு 1987 முதல் சனவரிதோறும் நடக்கிறது. 1997இல் புளியங்குளமே மாதக்கணக்கில் போர்முனையாய்க் கிடந்த காலத்தில் எங்கள் குளங்களை யார் எண்ணியிருக்க முடியும்? பின்தங்கியவர்கள் நாங்கள், கூடுதலாகச் செய்யவேண்டியவர்களும் நாங்களே.

நியாயமான காரணம் ஒன்றுதான்: பறவையின் பெயரால் காணி போய்விடும் என்ற பயம். நந்திக்கடல் 2017இல் இயற்கை ஒதுக்கிடமாக அறிவிக்கப்பட்டபோது, தலைமுறையாய் இறால் பிடித்தவர்களும் வயல் செய்தவர்களும் கலங்கினார்கள். அந்தக் கலக்கத்தை நான் தள்ளிப்பேச மாட்டேன். ஆனால் அந்தப் பயமே ஊர்நிதிக்கு ஆதரவான வாதம். வெளியார் எழுதும் திட்டத்துக்குக் காத்திருக்காமல், குளத்தை ஆளும் கமக்காரர்களே காவலையும் கணக்கையும் கையில் எடுத்தால், பாதுகாப்பு என்று சொல்லி அவர்களை வெளியேற்றுவது கடினம். 2000ஆம் ஆண்டின் கமநல அபிவிருத்திச் சட்டம் கமக்காரர் அமைப்புகளுக்குச் சட்ட அங்கீகாரம் தந்திருக்கிறது. நிதியைப் பொறுப்பேற்க ஆள் இல்லை என்று சொல்லவும் வழியில்லை.

மனிதர் கஷ்டப்படும்போது பறவைக்கா என்பவர்கள், கோடையில் மாடு தண்ணீர் குடிப்பதும், நன்னீர் மீன் பிடிக்கும் குடும்பம் உலை வைப்பதும், வீட்டுக் கிணறு ஊறுவதும் எந்தக் குளத்தால் என்று பார்க்கட்டும்.

ரொறன்ரோவிலும் லண்டனிலும் இருக்கும் ஊர்ச் சங்கங்களுக்கும் பழைய மாணவர் சங்கங்களுக்கும் என் வேண்டுகோள் இது. அடுத்த ஒன்றுகூடலில் சேரும் பணத்தில் ஒரு பங்கை உங்கள் ஊர்க்குளத்தின் பெயரில் நிலையான வைப்பில் இடுங்கள். முதலைத் தொடவேண்டாம். வட்டியில் கூடுகட்டும் காலத்துக்கு ஒரு காவலாளி, சனவரி எண்ணிக்கைக்குப் பள்ளிப் பிள்ளைகளுக்கு இரண்டு தொலைநோக்கி, ஒரு கணக்குப் புத்தகம். பெயர்ப்பலகை கேட்காதீர்கள். பத்து ஆண்டுகளுக்குப் பிறகு அந்தக் கணக்குப் புத்தகத்தைக் கேட்டு வாங்கிப் பாருங்கள்.