மண் பரிசோதனை கட்டத்துக்கா, வயலுக்கா?

தாம்பரத்தைத் தாண்டினால் விவசாயம் முடிந்துவிட்டது என்று நகரத்தார் நினைக்கிறார்கள். மணிமங்கலம், சோமங்கலம், படப்பை பக்கம் போனால், மனைப்பிரிவுப் பலகைகளுக்கு நடுவே இன்னும் ஏரிப் பாசனத்தில் நெல் நடப்படுவதையும் காய்கறியும் கீரையும் விளைவதையும் பார்க்கலாம். இந்த வயல்களுக்கு எந்த உரம், எவ்வளவு என்று சொல்வதற்காக அரசு கொடுத்த காகிதம்தான் மண்வள அட்டை. 2015 பிப்ரவரியில் ராஜஸ்தானின் சூரத்கரில் தொடங்கப்பட்ட திட்டம் அது. பாசன நிலத்தை 2.5 ஹெக்டேர் கட்டங்களாகவும் மானாவாரி நிலத்தை 10 ஹெக்டேர் கட்டங்களாகவும் பிரித்து, கட்டத்துக்கு ஒரு மண் மாதிரி எடுத்தார்கள். அந்த ஒரு மாதிரியின் முடிவே கட்டத்துக்குள் நிலம் வைத்திருந்த எல்லோருடைய அட்டையிலும் ஏறியது. 2015-16 வேளாண் கணக்கெடுப்புப்படி தமிழ்நாட்டில் ஒருவர் கையிலுள்ள சராசரி நிலம் 0.75 ஹெக்டேர்தான். ஒரே தெருவில் மூன்று வீட்டுக்காரர்களுக்கு ஒருவருடைய ரத்தப் பரிசோதனைச் சீட்டைப் பங்கிட்டுக் கொடுத்து மருந்து சாப்பிடச் சொன்ன கதை இது.

ஒரே சீரான மண் பரந்து கிடக்கும் சமவெளியில் இந்த முறை ஓரளவு செல்லுபடியாகலாம். சென்னையின் தென்புறத்தில் ஆகாது. பல்லாவரம் குன்றுகளின் சார்னோக்கைட் பாறை உதிர்ந்த மேட்டுச் செம்மண்ணுக்கும், ஏரிக்குக் கீழே வண்டல் படிந்த களிமண்ணுக்கும் நடுவே சில வரப்புகளே இருக்கும். இயற்கை செய்த இந்த வேறுபாட்டின் மேல் நகரம் தன் பங்குக்கு வேறு சிலவற்றைச் சேர்த்திருக்கிறது. ஒரு துண்டு நிலத்தில் கட்டட இடிபாட்டைக் கொட்டி மேடாக்கியிருப்பார்கள். அடுத்ததற்குக் கழிவுநீர் கலந்த கால்வாய்த் தண்ணீர் பாயும். அதற்கும் அடுத்தது இரண்டு வருடம் தரிசாகக் கிடந்து மறுபடி உழப்பட்டதாக இருக்கும். கழிவுநீர் பாயும் கீரைப் பாத்திக்குத் தழைச்சத்து தண்ணீரோடு வந்துவிடுகிறது. அதற்கு மேல் யூரியா போடுவது காசைக் கரைப்பதும் பூச்சியை அழைப்பதும்தான். இடிபாடு கொட்டிய நிலத்திலோ சுண்ணாம்பு ஏறிக் காரத்தன்மை கூடியிருக்கும். துத்தநாகமும் இரும்பும் மண்ணில் இருந்தாலும் பயிருக்குக் கிடைக்காது. இந்த இரண்டு நிலத்துக்கும் பொதுவான ஒரு சராசரியைக் கணக்கிட்டால், அந்த எண் இரண்டில் எதற்குமே பொருந்தாது.

பணக்கணக்கும் இருக்கிறது. 45 கிலோ யூரியா மூட்டை 266 ரூபாய் 50 காசு. 50 கிலோ டி.ஏ.பி. 1,350 ரூபாய். சாம்பல்சத்து தரும் பொட்டாஷின் விலை யூரியாவைவிடப் பல மடங்கு. 2010 ஏப்ரலில் ஊட்டச்சத்து அடிப்படையிலான மானியம் வந்தபோது யூரியாவை மட்டும் அதற்கு வெளியே நிறுத்தியதன் விளைவு இந்த இடைவெளி. மலிவானதை அள்ளிப் போட்டு விலை கூடியதைத் தவிர்ப்பது உழவரின் அறியாமை அல்ல. விலைப்பட்டியல் அவரிடம் சொல்வது அதைத்தான். நெற்பயிர் எடுக்கும் சாம்பல்சத்தின் பெரும்பகுதி நெல்மணியில் அல்ல, வைக்கோலில் தங்குகிறது. புறநகரில் வைக்கோலுக்கு மாட்டுக் கொட்டகைகள் நல்ல விலை தருவதால் அறுவடை முடிந்த கையோடு அது வயலை விட்டுப் போய்விடும். அதோடு சாம்பல்சத்தும் வருடா வருடம் வெளியேறுகிறது. இன்னொரு பக்கம், பல வருடம் டி.ஏ.பி. போட்ட வயலில் மணிச்சத்து தேங்கி, துத்தநாகத்தைப் பயிர் எடுப்பதற்கே தடையாக நிற்கும். எந்த வயலில் எது தேங்கியது, எது தீர்ந்தது என்பதை உரக்கடைக்காரரால் சொல்ல முடியாது. அந்த வயலின் மண் சொல்லும்.

அட்டை கொடுத்தாலும் விவசாயி அதன்படி நடப்பதில்லையே என்பது அதிகாரிகள் வழக்கமாகச் சொல்வது. அதற்கு ஆதாரமும் உண்டு. பீகாரில் நடந்து 2016இல் வெளியான ஆய்வொன்று, பரிசோதனை முடிவைக் கையில் கொடுத்த பிறகும் உரப் பயன்பாட்டில் குறிப்பிடத்தக்க மாற்றம் தெரியவில்லை என்றது. மாறாக, தேசிய உற்பத்தித்திறன் கவுன்சிலின் 2017 ஆய்வு ரசாயன உரம் 8 முதல் 10 சதவீதம் குறைந்து விளைச்சல் 5 முதல் 6 சதவீதம் கூடியதாகச் சொன்னது. அரசு இரண்டாவதை மட்டும் மேற்கோள் காட்டுவதில் வியப்பில்லை. என் வாசிப்பில் பீகார் ஆய்வு மண் பரிசோதனைக்கு எதிரான சாட்சி அல்ல. புரியாத, நம்ப முடியாத காகிதத்தை யாரும் பின்பற்றமாட்டார்கள் என்பதற்கான சாட்சி. தன் வயலில் யாரும் குழி தோண்டிப் பார்க்காதபோது, தன் பெயரில் வந்த எண்ணை ஒருவர் ஏன் நம்ப வேண்டும்? அரசே 2019-20இல் மாதிரி கிராமத் திட்டத்தில் கட்டத்தை விட்டு, ஒவ்வொருவர் நிலத்திலும் அவரையும் சேர்த்துக்கொண்டு மாதிரி எடுக்கச் சொன்னது. அந்த யோசனை மாதிரி கிராமங்களோடு நின்றிருக்கக் கூடாது.

தழைச்சத்து மண்ணில் நிலையாக நிற்காது, எனவே கோடையில் எடுத்த மாதிரியை வைத்துச் சம்பாவுக்கு அளவு சொல்ல முடியாது என்ற தொழில்நுட்ப ஆட்சேபம் நியாயமானது. அதனால்தான் மண்ணோடு இலையையும் பார்க்கச் சொல்கிறது தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம். அதற்கு உதவும் இலை வண்ண அட்டை என்பது பச்சை நிறத்தின் படிகள் கொண்ட ஒரு பிளாஸ்டிக் பட்டை, அவ்வளவுதான். நெல் நட்ட 14ஆம் நாளிலிருந்து வாரத்துக்கு ஒருமுறை, முழுதாக விரிந்த இளம் இலையை உடம்பின் நிழலில் வைத்து ஒப்பிட வேண்டும். பத்து இலைகளில் ஆறோ அதற்கு மேலோ குறிப்பிட்ட படிக்குக் கீழே வெளுத்திருந்தால் மட்டும் மேலுரம். மணி, சாம்பல், துத்தநாகம், உப்பு, காரத்தன்மைக்கு மண், தழைச்சத்துக்கு இலை என்று பிரித்துக்கொண்டால் இந்த ஆட்சேபம் பெரிதும் கரைந்துவிடும்.

ரசாயனமே வேண்டாம், பிறகு பரிசோதனை எதற்கு என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. தொழு எரு போட்டாலும் வைக்கோலோடு போன சாம்பல்சத்து தானாகத் திரும்பி வராது. என்ன குறைகிறது என்று இயற்கை விவசாயிக்கும் தெரிய வேண்டும். மண்ணைக் கேட்காமல் ஆணை போட்டால் என்னவாகும் என்பதை 2021இல் ரசாயன உரத்தைத் தடை செய்து, விளைச்சல் விழ, அதே ஆண்டு நவம்பரில் பின்வாங்கிய இலங்கை காட்டியது.

நாளைக்கு மனையாகப் போகிற நிலத்துக்கு அட்டை எதற்கு என்று கேட்பவர்களும் உண்டு. விற்கும்வரை அதில் குத்தகைக்காரர் பயிரிடுகிறார். விளைவதை நகரம் சாப்பிடுகிறது. அதனால் இங்கே கேள்வி உரத்தோடு முடிவதில்லை, மண்ணிலும் தண்ணீரிலும் கலந்திருக்கக்கூடிய உலோகங்களையும் கேட்க வேண்டும். குரோம்பேட்டைக்கே பெயர் தந்தது குரோம் தோல் தொழிற்சாலை. பம்மல், நாகல்கேணி வட்டாரம் தோல் பதனிடும் தொழிலுக்குப் பேர்போனது. மண்வள அட்டையிலுள்ள 12 அளவீடுகளில் குரோமியமும் இல்லை, ஈயமும் இல்லை. பாசனத் தண்ணீரைப் பற்றி அது பேசுவதே இல்லை.

செங்கல்பட்டு, காஞ்சிபுரம் மாவட்ட வேளாண்மைத் துறை செய்ய வேண்டியது பெரிய செலவுள்ள காரியம் அல்ல. நவரை அறுவடை முடிந்து வயல் காய்ந்திருக்கும்போது, பட்டாதாரரோ குத்தகைக்காரரோ, யார் உழுகிறாரோ அவரை உடன் வைத்துக்கொண்டு, அவர் நிலத்திலேயே மாதிரி எடுக்க வேண்டும். சம்பா அடியுரத்துக்கு முன்பே முடிவு அவர் கைக்கு வர வேண்டும், ஹெக்டேர் கணக்கில் அல்ல, ஏக்கருக்கு எத்தனை மூட்டை என்ற கணக்கில். கழிவுநீர் பாயும் இடங்களில் தண்ணீரையும் உலோகங்களையும் சேர்த்துப் பரிசோதிக்க வேண்டும். காட்டுப்பாக்கத்தில் வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது, காஞ்சிபுரத்தில் மண் பரிசோதனை நிலையம் இருக்கிறது. வரும் கோடையிலேயே இந்த வேலையைத் தொடங்கலாம்.