பதினாறு வயதுக்குப் பிறகு என்ன? ஊவாத் தோட்டங்களின் விசேட கல்வி மாணவர் குறித்து எமது நிலைப்பாடு

விசேட கல்வி அலகில் படிக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும், பாடசாலையை விட்ட பிறகு எங்கே, யாருடன், என்ன செய்து வாழப்போகிறது என்ற திட்டம் 14 வயதிலேயே எழுத்தில் இருக்க வேண்டும். அது தமிழில் இருக்க வேண்டும். பிள்ளையையும் பக்கத்தில் உட்கார வைத்துக் கேட்டு எழுதியதாக இருக்க வேண்டும். பொறுப்பான உத்தியோகத்தர் ஒருவரின் பெயரும் கையொப்பமும் அதில் இருக்க வேண்டும். பதுளை மாவட்டத் தோட்டங்களின் பெற்றோரும் விசேட கல்வி ஆசிரியர்களும் சேர்ந்த எமது அமைப்பு எடுத்துள்ள முடிவு இது.

கட்டாயக் கல்வி வயது 2016இல் 16 ஆக உயர்ந்தது. அந்த வயதைத் தாண்டியதும் பிள்ளை வலயக் கல்விப் பணிமனையின் பொறுப்பிலிருந்து விலகிவிடுகிறது. பிரதேச செயலகத்தின் சமூக சேவைப் பிரிவுக்கு அப்படியொரு பிள்ளை இருப்பதே தெரிவதில்லை. விடிந்ததும் அம்மா பிரட்டுக்களத்துக்குப் போய்ப் பேர் கொடுக்க வேண்டும். அப்பா வேறு மலையில், இல்லையென்றால் கொழும்பில். பிள்ளைக் காம்பரா சின்னப் பிள்ளைகளுக்கு மட்டும். பதினேழு வயதுப் பிள்ளை லயத்துக்குள் இருக்கிறது. சில வீடுகளில் வெளியே பூட்டும் தொங்குகிறது. அந்தப் பூட்டைப் பார்த்துத் தாயை ஏசுகிறவர்கள், அவள் ஒரு நாள் பேரை விட்டால் அன்றைய சம்பளம் என்னாகும் என்று கேட்பதில்லை.

இன்னும் சில பிள்ளைகள் 18 வயதிலும் வெள்ளைச் சீருடையில் அலகுக்கு வருகிறார்கள். அனுப்பிவிட ஆசிரியருக்கு மனமில்லை. நல்ல மனம்தான். ஆனால் தனியே பஸ் ஏறவும், கடையில் மீதிச் சில்லறை எண்ணி வாங்கவும், தன் மாத்திரையைத் தானே எடுத்துக்கொள்ளவும் பழக வேண்டிய வருடங்கள் படத்துக்கு நிறம் தீட்டுவதிலேயே கழிகின்றன.

திட்டத்தின் முதல் வரி தேசிய அடையாள அட்டை. 15 வயதில் அதற்கு விண்ணப்பிக்கலாம். பாடசாலையில் இருக்கும்போது அதிபர் ஊடாகப் போகும் விண்ணப்பம், விலகிய பிறகு தோட்ட அத்தியட்சகரையோ கிராம உத்தியோகத்தரையோ தேடி அலைய வைக்கும். வங்கிக் கணக்கு, உதவித்தொகை, பயிற்சி நிலையம் என்று எங்கே போனாலும் முதலில் கேட்பது அதைத்தான். 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் வரும்வரை பிரஜாவுரிமைக்குக் காத்திருந்த குடும்பங்கள் எங்களுடையவை. ஒரு துண்டுக் காகிதத்தின் விலை எங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

தொழிற்பயிற்சிக்கு வருவோம். சமூக சேவைகள் திணைக்களத்தின் பயிற்சி நிலையம் ஒன்று எமது மாவட்டத்திலேயே, கெட்டவலவில் உண்டு. அங்கே தமிழ்மொழிப் பயிற்றுநர்கள் போதிய அளவில் இருக்க வேண்டும். ஆனால் இன்னொரு கட்டடம் கட்டித் தாருங்கள் என்று நாங்கள் கேட்கவில்லை. மடுல்சீமையிலோ ஹல்துமுல்லையிலோ இருக்கும் பிள்ளை விடுதியில் தங்கித்தான் அங்கே படிக்க முடியும். வீட்டை விட்டு ஒரு நாளும் இருந்திராத பிள்ளைக்கு அது முதல் படியாகாது. பயிற்சி பிள்ளை இருக்கும் இடத்துக்கு வரட்டும்.

தேயிலைக் கன்று வளர்க்கும் தவறணையைப் பாருங்கள். மண் சலிப்பது, உரம் கலப்பது, பொலித்தீன் பையில் நிரப்பித் தட்டி இறுக்குவது, வரிசையில் அடுக்குவது. ஒவ்வொன்றும் தனி வேலை; ஒவ்வொன்றையும் தனியாகப் பழக்கலாம். பத்து வரை எண்ணத் தெரியாத பிள்ளைக்குப் பத்துப் பை நீளத்தில் ஒரு கம்பை வெட்டிக் கொடுத்தால், கம்பு முடியும்வரை அடுக்குவான். இதைக் கண்டுபிடிக்க நிபுணர் வேண்டாம். ஆசிரியரும் தவறணைக் கங்காணியும் ஒரு காலைப் பொழுது சேர்ந்து நின்றால் போதும். பழகியபின் செய்யும் வேலைக்குப் பேர் போட வேண்டும். தேநீரும் பாராட்டும் சம்பளமாகாது.

அரச துறையில் வலுவிழந்தோருக்கு 3 வீத வேலை ஒதுக்கீட்டை 1988ஆம் ஆண்டுச் சுற்றறிக்கை சொல்கிறது. எமது தோட்டங்களில் பெரும்பாலானவை 1992 முதல் கம்பெனிகளின் கையில். அந்தச் சுற்றறிக்கை அவற்றைக் கட்டுப்படுத்தாது. ஆனால் 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம், வலுவிழந்தவர் என்ற காரணத்துக்காக வேலை மறுப்பதைத் தடுக்கிறது. தொழிற்சங்கங்கள் சம்பளம் பேசப் போகும் மேசையில் இதையும் வைக்க வேண்டும்.

எல்லாப் பிள்ளைகளாலும் வேலை செய்ய முடியாது. அவர்களுக்குத்தான் திட்டம் கூடுதலாகத் தேவை: பகலில் யார் பார்ப்பது, கிளினிக்குக்கு யார் கூட்டிப்போவது என்று. பெண் பிள்ளைக்கு மாதவிடாயைப் பற்றியும், யார் தொட்டாலும் ‘வேண்டாம்’ என்று சொல்வதைப் பற்றியும் பாடசாலையிலேயே சொல்லித்தர வேண்டும். பயந்து வீட்டில் வைத்திருப்பது அவளுக்குப் பாதுகாப்பு என்று நாங்கள் நம்பவில்லை.

பெற்றோருக்குப் பிறகு யார்? அரச ஊழியரின் வலுவிழந்த பிள்ளைக்கு அநாதைகள் ஓய்வூதியம் உண்டு. தோட்டத் தொழிலாளிக்குச் சேமலாப நிதி போல ஒருமுறை கிடைக்கும் பணம்தான். லயக் காம்பராவும் தோட்ட வேலையோடு கட்டுண்டது. ‘அக்கா பார்த்துக்கொள்வாள்’ என்கிறோம். அந்த அக்காவை யாராவது கேட்டோமா?

இங்கிலாந்தில் 13, 14 வயதிலேயே இந்தத் திட்டமிடல் தொடங்குகிறது. அமெரிக்கச் சட்டம் 16 வயதில் கட்டாயமாக்குகிறது. வலுவிழந்தோர் உரிமைகள் பற்றிய ஐ.நா. சமவாயத்தை இலங்கை 2016இல் ஏற்று உறுதிசெய்தது. நாங்கள் கேட்பதற்குப் புதுச் சட்டம் வேண்டாம். மாகாணக் கல்வித் திணைக்களமும் சமூக சேவைத் திணைக்களமும் சேர்ந்து ஒரு சுற்றறிக்கை விட்டால் தொடங்கலாம். பசறை, ஹாலிஎல, ஹப்புத்தளை, ஹல்துமுல்லை உள்ளிட்டவை இருமொழிப் பிரிவுகளாகப் பிரகடனம் செய்யப்பட்டவை. அங்கே தமிழில் படிவம் கேட்பது சலுகையல்ல.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். 15 வயதை நெருங்கும் பிள்ளை வீட்டில் இருந்தால், பாடசாலையை நிறுத்துவதற்கு முன் அதிபரிடம் போய் அடையாள அட்டை விண்ணப்பத்தைக் கேளுங்கள். பிறப்புச் சான்றிதழ் இல்லையென்றால் காலங்கடந்த பிறப்புப் பதிவுக்கு இந்தத் தவணைக்குள்ளேயே பிரதேச செயலகத்துக்குப் போங்கள்.