வெள்ளை மணலைக் கொட்டினால் போதுமா?

கோலா குபு பாருவிலிருந்து பிள்ளைகளோடு கடல் பார்க்கக் கோலா சிலாங்கூருக்குப் போனால், காலில் படுவது சேறு. 'நாலு கப்பல் மணலைக் கொண்டுவந்து கொட்டினால் என்ன?' என்று நீங்களும் நினைத்திருப்பீர்கள். அப்படிக் கொட்டிப் பெயர் வாங்கிய கடற்கரை ஒன்று உண்டு.

ஆப்பிரிக்காவுக்கு வடமேற்கே அட்லாண்டிக் பெருங்கடலில் இருக்கும் தெனெரீஃபே, ஸ்பெயினுக்குச் சொந்தமான எரிமலைத் தீவு. எரிமலைப் பாறை தேய்ந்து உண்டாகும் மணல் ஆதலால், அங்கே கரை கறுப்பாக இருக்கும். 1973இல் சான் அந்திரேஸ் என்ற மீனவர் ஊரின் அருகே, சஹாரா பாலைவனத்திலிருந்து இரண்டு லட்சம் டன்னுக்கும் மேல் மணலைக் கப்பலில் கொண்டுவந்து பரப்பினார்கள். அதுதான் லாஸ் தெரெசித்தாஸ் கடற்கரை. மணலை அலை இழுத்துப் போகாதிருக்கக் கடலுக்குள் கல்லணை கட்டினார்கள். அணைக்குள் நீர் குளம்போல் நிற்கிறது. குழந்தைகளோடு வருகிறவர்களுக்கு அது பெரிய வசதி.

அங்கே பலித்தது இங்கே பலிக்காது என்பதே என் கருத்து. தெனெரீஃபேயில் மணலுக்கு எதிரி அலை. நமக்கு எதிரி வண்டல். திரங்கானு கரையில் வடகிழக்குப் பருவக்காற்றின் பேரலைகள் மென்மையான சேற்றை அலசிக்கொண்டு போய்விடுகின்றன. கனமான மணல் தங்குகிறது. மலாக்கா நீரிணையில் அலைக்கு அந்த வலு இல்லை. ஆறுகள் கொண்டுவரும் வண்டல் கரையோரமே படிகிறது. இங்கே கல்லணை கட்டினால் நீர் இன்னும் அசையாமல் நிற்கும், சேறு இன்னும் வேகமாகப் படியும். கொட்டிய வெள்ளை மணல் அதற்கடியில் போய்விடும்.

வண்டலின் பலத்தைக் கோலா குபு பாருவுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 1883இல் அணை உடைந்து பழைய கோலா குபு அழிந்தது. அதன் பிறகு ஈயச் சுரங்க வண்டல் ஆற்றுப் படுகையை மேடாக்க, வெள்ளம் திரும்பத் திரும்ப வந்தது. கடைசியில் 1930களில் ஊரையே மேட்டுக்கு மாற்றினார்கள். 'பாரு' என்றால் புதியது. ஊர்ப் பெயரிலேயே அந்தப் பாடம் இருக்கிறது.

மணல் யாருடையது என்பதையும் கேளுங்கள். 1973இல் மேற்குச் சஹாரா ஸ்பெயினின் ஆட்சியில் இருந்தது. அள்ளுவது எளிதாக இருந்தது. சிங்கப்பூரின் செந்தோசா கடற்கரை மணலும் வெளியிலிருந்து வந்ததுதான். ஓரிடத்தில் கரை வளர, இன்னோர் இடத்தில் குழி விழுகிறது. நாம் கேட்கும் மணலுக்கு எந்த ஆற்றைத் தோண்டுவது?

நாம் குறைசொல்லும் சேற்றில்தான் கெராங் வளர்கிறது. அதில்தான் அலையாத்தி மரங்கள் வேரூன்றி அலையின் வேகத்தைத் தணிக்கின்றன. இறாலும் நண்டும் மீன்குஞ்சும் அந்த வேர்களுக்கிடையில் வளர்கின்றன. கரையோர மீனவர்களுக்குச் சோறு போடுவது இந்தச் சேறு.

குடும்பங்களுக்குக் கடற்கரை வேண்டும் என்ற ஆசை நியாயமானது. அதற்கு மரப் பலகைப் பாதை, நிழல், சுத்தமான கழிப்பறை, சேற்றில் வாழும் உயிர்களைப் பிள்ளைகளுக்குக் காட்டிச் சொல்ல ஒருவர் என்று கேளுங்கள். மணலில் நடக்க ஆசைப்பட்டால், சசாரானுக்கு அப்பால் கடலுக்குள் ஒரு மணல்திட்டு இருக்கிறது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாள்களில் நீர் நன்றாக வற்றும்போது அது வெளியே தெரியும். அதை யாரும் கப்பலில் கொண்டுவந்து கொட்டவில்லை.