மெருகு வேண்டாம், நாணயம் வேண்டும்

சிலர் தபால்தலை சேர்ப்பர். சிலர் தீப்பெட்டிப் படம் சேர்ப்பர். நாணயம் சேர்ப்போரும் நம்மிடையே உண்டு. ஆனால், சேர்த்த நாணயத்தின் தரத்தை உள்ளது உள்ளபடி சொல்வோர் எத்தனை பேர்? நாணயம் சேர்ப்பது எளிது. அதன் தரத்தை ஒளிக்காமல் சொல்வதே அரிது என்பது என் கருத்து. இதற்குத் தொலைவில் உள்ள சிறு தீவொன்றின் காசையே சான்றாகக் காட்டுகிறேன்.

மேற்கிந்தியத் தீவுகளில் ஒன்று பார்படோஸ். கார்பீல்டு சோபர்ஸ் பிறந்த மண் என்றால் கிரிக்கெட் பிரியர்களுக்கு உடனே விளங்கும். 1966-ல் விடுதலை பெற்ற இந்நாடு, 1973-ல் தனக்கெனச் சொந்த நாணயங்களை வெளியிட்டது. அதுவரை புழங்கிய காசுகளில் எலிசபெத் அரசியின் தலை இருந்தது. புதிய காசுகளிலோ நாட்டுச் சின்னம் இடம்பெற்றது. ஆகவே, 2021-ல் அந்நாடு குடியரசானபோது காசின் முகத்தை மாற்ற வேண்டிய தேவையே எழவில்லை!

அந்நாட்டின் ஒரு டாலர் காசுக்கு ஏழு பக்கங்கள். அதில் பொறிக்கப்பட்டிருப்பது பறக்கும் மீன். நம் கடற்கரையில் பறவைக் கோலா என்பார்களே, அந்த இனம்தான். அத்தீவு மக்களின் விருப்ப உணவும் அதுவே.

இக்காசின் தரத்தை அறிவது எப்படி? 1949-ல் வில்லியம் ஷெல்டன் என்பவர் பழைய அமெரிக்க சென்ட் காசுகளுக்காக ஒன்று முதல் எழுபது வரை ஓர் அளவுகோல் வகுத்தார். இன்று பல நாட்டுக் காசுகளுக்கும் அதுவே பயன்படுகிறது. அறுபதும் அதற்கு மேலும் என்றால் கைமாறிப் புழங்காத காசு. எழுபது என்றால் குறையே இல்லாதது. காசை விளிம்பில் பிடித்து விளக்கொளியில் மெல்லச் சாய்த்துப் பாருங்கள். மேடான இடங்களே முதலில் தேயும். மீனின் உடலும், சிறகு போன்ற துடுப்பின் கோடுகளும் மழுங்கியிருந்தால் அது புழங்கிய காசு. கோணிப்பையில் ஒன்றோடொன்று மோதியதால் வந்த வடு வேறு, தேய்மானம் வேறு. வடுப்பட்ட புதுக்காசைவிட, சற்றே தேய்ந்த காசு கண்ணுக்கு அழகாகத் தோன்றுவதும் உண்டு!

இங்குதான் ஆசை தலைகாட்டும். குத்துவிளக்கைப் புளி போட்டுத் துலக்குவதுபோல் காசையும் துலக்கத் தோன்றும். அது பெருந்தவறு. தேய்க்கும்போது அழுக்கோடு காசின் மேற்பரப்பும், அச்சில் பிறந்த இயல்பான ஒளியும் போய்விடும். மிஞ்சுவது மெல்லிய கீறல்களே. தேர்ந்த கண் அதை நொடியில் கண்டுகொள்ளும்.

“மலிவான காசுதானே? இரண்டு பார்படோஸ் டாலர் சேர்ந்தால்தான் ஓர் அமெரிக்க டாலர். இதற்கா இத்தனை கவலை?” எனச் சிலர் கேட்கலாம். மலிவான காசில் பொய் சொல்லப் பழகியவர், விலை உயர்ந்த காசில் மெய் சொல்வாரா? தோழியிடம் மாற்றிக்கொள்ளும்போது ஐம்பதை அறுபது என்று சொன்னால், அவள் இழக்கும் பணம் சிறிது. நாம் இழக்கும் நம்பிக்கை பெரிது.

வேறு சிலர், “தேய்ந்த காசு எதற்கு?” என்பர். 1970-களில் அமெரிக்காவின் பிராங்க்ளின் மின்ட், சேர்ப்போருக்காகவே பார்படோஸ் காசுகளைக் கண்ணாடிபோல் பளபளக்க அடித்துப் பெட்டியில் வைத்து விற்றது. அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் அவை கடைத்தெருவைக் கண்டதில்லை. ஒரு மீனையும் வாங்கியதில்லை. தேய்ந்த காசோ உழைத்த காசு. தேய்மானம் இழிவன்று, அதை மறைப்பதே இழிவு.

எனவே தோழியரே, காசைத் தேய்க்காதீர்கள். காகித உறையிலிட்டு, அதன் தரத்தை மேலே எழுதி வையுங்கள். ஐயம் வந்தால் உயர்த்தி எழுதாமல் குறைத்தே எழுதுங்கள். காசுக்கும் நேர்மைக்கும் தமிழில் ‘நாணயம்’ என்று ஒரே பெயர். முன்னதைச் சேர்க்கும்போது பின்னதைச் செலவழித்துவிடலாமா?